முட்டி அளவு தண்ணிதானே, போயிடலாமா?

கேள்வி: அண்ணா, போன வாரம் கொட்டுன மழையில என் வீட்டுக்காரர் பைக்க ஓரமா நிறுத்திட்டு, ரோட்டுக்குக் குறுக்க முட்டி அளவு ஓடிட்டிருந்த தண்ணிய நடந்தே தாண்டி வந்துட்டாரு. கேட்டா "எனக்கு நீச்சல் தெரியும், முட்டி அளவு தண்ணிதானே"ங்கிறாரு. நான்தான் சும்மா பயப்படுறேனா?

பதில்: இல்லம்மா, உங்க பயம் நூத்துக்கு நூறு சரி. தேங்கி நிக்கிற தண்ணியும் ஓடுற தண்ணியும் வேற வேற. வேகமா ஓடுறப்போ 15 சென்டிமீட்டர், அதாவது கணுக்காலுக்குக் கொஞ்சம் மேல இருந்தாலே போதும், வளர்ந்த ஆளையே சாய்ச்சிடும். வேகம் ரெண்டு மடங்கானா தள்ளுற விசை நாலு மடங்காகும், அதனால நேத்து கடந்த அதே ஆழம் இன்னிக்கும் விடும்னு நம்பவே முடியாது. நீச்சல் தெரியும்ங்கிறாரே, அவர் கத்துக்கிட்டது அடிக்கிற தண்ணியில இல்லியே, இதுல கல்லு, மரக்கிளை, கம்பி எல்லாம் சேர்ந்து வரும், கலங்கல்ல மேன்ஹோல் மூடி தூக்கிட்டுப் போயிருக்கறதும் தெரியாது, ரோடே அரிச்சுப் போயிருந்தாலும் தெரியாது. தப்பித்தவறி தண்ணி இழுத்துட்டுப் போனா எழுந்து நிக்க முயற்சி பண்ணக்கூடாதுன்னு சொல்லி வைங்க, அடியில பாறை இடுக்குல கால் மாட்டிச்சுன்னா ஓட்டம் அப்படியே குப்புறக் கவுத்து அமுக்கிடும். மல்லாக்கப் படுத்து, காலை தண்ணி போற பக்கம் நீட்டி, விரல் மேல தெரியுற மாதிரி வச்சுக்கிட்டு, சாய்வாட்டம் கரைப் பக்கம் ஒதுங்கணும்.

கேள்வி: பைக் சரி, கார் கனமாச்சே சார், ஒரு அடி தண்ணியில மெதுவா ஓட்டிட்டுப் போனா என்ன ஆகப் போகுது?

பதில்: கார் கனம்னு நினைக்கிறதுலதான் நிறைய உயிர் போகுது. ஒரு அடி தண்ணி சின்ன காரைத் தூக்கிடும், ரெண்டு அடி ஓடுற தண்ணி எஸ்யூவி மாதிரி பெரிய வண்டியையும் அடிச்சுட்டுப் போயிடும். எப்படின்னா, கார் கிட்டத்தட்ட அடிமூடுன ஒரு பெட்டி மாதிரி. அதோட அடித்தளத்துக்கு மேல தண்ணி 10 சென்டிமீட்டர் ஏறுனாலே 500, 600 கிலோவுக்கு மேல்நோக்கித் தூக்கும், டயர் பிடிமானம் போயிடும், அப்புறம் ஸ்டியரிங் உங்க கையில இருந்தும் பிரயோஜனமில்ல. முன்னாடி போன வண்டி கடந்துடுச்சேன்னு பின்னாடியே போறவங்கள நெனச்சாதான் எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கும், அந்த ரெண்டு நிமிஷத்துலயே தண்ணி ஏறியிருக்கலாம். திரும்பிப் போயிடுங்க, ஒரு மணி நேரம் லேட்டானா ஆகட்டும்.

மீறி மாட்டிக்கிட்டா? சீட் பெல்ட்டைக் கழட்டுங்க, ஜன்னலை இறக்குங்க, குழந்தைங்கள முதல்ல வெளிய விட்டு நீங்களும் வெளிய வந்துடுங்க, இதெல்லாம் தண்ணி கண்ணாடி மட்டத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே நடக்கணும். கதவோட போராடாதீங்க, வெளியில தண்ணி அழுத்தும்போது திறக்காது. போன் பண்ணிக்கிட்டும் உக்காராதீங்க, வெளிய வந்து உயரமான இடத்துக்குப் போனப்புறம் பண்ணலாம்.

கேள்வி: ஃப்ரெண்ட்ஸோட மலைப்பக்கம் ட்ரெக்கிங் போறோம், ஆத்தோரமா டென்ட் போடப்போறோம். வானம் தெளிவா இருந்தா பயமில்லதானே?

பதில்: தம்பி, உங்க தலைக்கு மேல வானம் தெளிவா இருக்கறது கணக்கே இல்ல, மேல மலையில என்ன பெய்யுதுங்கிறதுதான் கணக்கு. செங்குத்தான சரிவுல பாறை தண்ணிய உறிஞ்சாது, அத்தனையும் ஒரே ஓடைக்கு இறங்கும். 1976 ஜூலை 31 சாயங்காலம் அமெரிக்காவுல கொலராடோ மாநிலத்துல பிக் தாம்சன் பள்ளத்தாக்குல நாலு மணி நேரத்துக்குள்ள ஒரு அடி உயரத்துக்கு மழை கொட்டி 140 பேருக்கு மேல இறந்துட்டாங்க, கார்ல தப்பிக்க ஓட்டுனவங்களும் அதுல நிறைய பேர். அதுக்கப்புறம் அந்தப் பக்க மலைப்பாதைகள்ல 'வெள்ளம் வந்தா மேல ஏறித் தப்பிங்க'ன்னு போர்டே வச்சிருக்காங்க. வெள்ளம் பாயுறப்போ பள்ளத்தாக்கு நெடுக ஓடித் தப்பிக்க முடியாது, பக்கவாட்டுல மேட்டுல ஏறுறதுதான் வழி.

தெளிஞ்ச தண்ணி திடீர்னு கலங்குனா, இலை, சுள்ளி மிதந்து வந்தா, மேல எங்கயோ உறுமல் மாதிரி சத்தம் கேட்டா, பையைக்கூட எடுக்காம ஏறிடுங்க. ஆத்தோரத்துல டென்ட்டும் வேண்டாம், கரையை விட்டு உயரத்துல போடுங்க.

கேள்வி: நாங்க அடித்தளத்து வீட்டுல இருக்கோம். மழை வலுத்தா எப்ப கிளம்பணும்?

பதில்: தண்ணி வாசப்படி தொடுறதுக்கு முன்னாடியே. வெளிய அரை மீட்டர் தண்ணி நின்னாலே ஒரு கதவு மேல சுமார் 100 கிலோ அழுத்தம் விழும், உள்ளருந்து வெளிப்பக்கமா தள்ளுற கதவுன்னா அசையவே அசையாது. தரை நனையாம இருந்தா மட்டும் மெயின் சுவிட்சை அணைங்க, கால் தண்ணியில இருந்தா சுவிட்ச் பக்கம் கூடப் போகாதீங்க. கனமழை எச்சரிக்கை வந்த ராத்திரி மட்டுமாவது மேல் மாடியில படுத்துக்கலாமான்னு இன்னிக்கே மாடி வீட்டுக்காரங்ககிட்ட பேசி வச்சிடுங்க.