ஏர் ஃப்ரையர் சத்தம்: மிக்ஸிக்குக் கீழே, ஃப்ரிட்ஜுக்கு மேலே

ஏர் ஃப்ரையர் என்றால் எண்ணெய் எவ்வளவு மிச்சம், கரண்ட் பில் எவ்வளவு ஏறும் என்றுதான் முன்பு கேட்பார்கள். இப்போது வாங்கி வைத்துவிட்டுச் சத்தத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். அப்படி வந்த சில கேள்விகள் இங்கே.

கேள்வி: ஏனுங்க, நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே சுவரே கிடையாது. நான் மீட்டிங்கில் இருக்கும்போது ஏர் ஃப்ரையர் ஓடினால் எதிர்முனையில் இருப்பவர்களுக்குக் கேட்குமா? பெட்டியில் 55 டெசிபல் என்று போட்டிருக்கிறார்கள், அதை நம்பலாமுங்களா?
— சரவணம்பட்டி வாசகர்

பதில்: முதலில் அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். கூடைக்கு மேலே சூடேறும் கம்பிச்சுருள் (காயில்), அதற்கு மேலே ஒரு ஃபேன். சூடான காற்றை அது வேகமாகச் சுழற்றி அடிப்பதால்தான் உருளைக்கிழங்கு மொறுமொறுப்பாகிறது. பல மாடல்களில் மோட்டார் சூடாகாமல் இருக்க அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சின்ன ஃபேனும் இருக்கும். ஆக, நீங்கள் கேட்பதில் பெரும்பங்கு காற்றின் இரைச்சல். மோட்டாரின் உறுமல் அதற்கு அடியில் லேசாக இருக்கும்.

மிக்ஸி அப்படியல்ல. அதில் இருப்பது கார்பன் பிரஷ் வைத்த மோட்டார், நிமிடத்துக்கு 18,000 சுற்றுக்கு மேல் போகும். அதனால்தான் அந்த அலறல். நம்ம கோயமுத்தூர் கிரைண்டரில் இருப்பது இண்டக்ஷன் மோட்டார். நிதானமாக ஓடும், சத்தமும் அடங்கியிருக்கும். எண்ணில் சொன்னால் ஃப்ரிட்ஜ் 40 டெசிபல் அளவில், நாம் சாதாரணமாகப் பேசுவது 60 அளவில், மிக்ஸி 80-ஐத் தாண்டும். ஏர் ஃப்ரையர்கள் பெரும்பாலும் 50-க்கும் 65-க்கும் நடுவில் இருக்கின்றன.

55-க்கும் 65-க்கும் பத்துதானே வித்தியாசம் என்று நினைத்துவிடாதீர்கள். டெசிபல் கணக்கில் பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு, காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரியும். பெட்டியில் எண் போடுபவர்கள் எவ்வளவு தூரத்தில் வைத்து அளந்தோம் என்று பெரும்பாலும் போடுவதில்லை. தூரம் சொல்லாத டெசிபல் எண்ணுக்கு நான் மதிப்புக் கொடுக்க மாட்டேன். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபல் குறையும். கூரை வரைக்கும் டைல்ஸ், கிரானைட் மேடை, வரிசையாக எவர்சில்வர் பாத்திரம் என்றிருக்கும் நம் சமையலறையில் அது அவ்வளவு குறையாது. எதிரொலித்துத் திரும்பி வரும்.

உங்கள் மீட்டிங்குக்கு வருகிறேன். வாய்க்குப் பக்கத்தில் மைக் இருக்கும் ஹெட்செட் போட்டால் கவலை வேண்டாம். ஒரே சீராக வரும் ஃபேன் இரைச்சலை மீட்டிங் ஆப்களே நன்றாக வடிகட்டிவிடும். லேப்டாப் மைக்கில் பேசினால் லேசாகக் கேட்கும். உண்மையில் மானத்தை வாங்குவது முடிந்தவுடன் அடிக்கிற அந்த 'பீப் பீப்'தான். அதை அணைக்கும் வசதி சில மாடல்களில் உண்டு, சிலவற்றில் இல்லை. வாங்கும் முன் கையேட்டை இணையத்தில் தேடி அதைப் பாருங்கள். டெசிபல் எண்ணைவிட உங்களுக்கு அதுதான் முக்கியம்.

கேள்வி: மாமியாருக்கு வயசு 78. மதியம் ஹால் கட்டிலில் சித்த நேரம் கண் அசருவாங்க. மிக்ஸி போட்டாலே முழிச்சுக்குவாங்க. மகள் ஏர் ஃப்ரையர் வாங்கி அனுப்பறேங்குது. "இன்னொரு சத்தமா கண்ணு?"ன்னு அத்தை கேக்கறாங்க. என்ன சொல்லட்டுங்க?
— கோபிசெட்டிபாளையம் வாசகி

பதில்: அத்தை கேட்டது நியாயமான கேள்விங்க. மிக்ஸி இரண்டு நிமிடத்தில் வேலையை முடித்துவிடும். இது 15, 20 நிமிடம் விடாமல் ஓடும். ஆனால் தூக்கத்துக்குச் சீரான சத்தம் பெரிய எதிரியல்ல. தலைக்கு மேலே ஓடும் ஃபேன் சத்தத்தில் நாம் தூங்குவதில்லையா? திடீரென்று வரும் சத்தம்தான் எழுப்பிவிடும். ஏர் ஃப்ரையரில் அப்படி மூன்று இருக்கின்றன: பாதியில் கூடையை இழுத்துக் குலுக்கும்போது வரும் சத்தம், திரும்பத் தள்ளும்போது விழும் 'தடக்', கடைசியில் மணி.

டயல் வைத்த மாடல் விலை மலிவு. ஆனால் ஓடும் நேரமெல்லாம் கடிகாரம் போல 'டிக் டிக்' என்றிருக்கும், முடிவில் 'டிங்' அடித்தே தீரும், அதை நிறுத்த வழியில்லை. உங்கள் வீட்டுக்குத் தொடுதிரை மாடல்தான் சரி, அதிலும் பீப்பை அணைக்க முடிகிற ஒன்றாக மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். மதியம் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டால் போதும்.

இன்னொன்று: வயதானவர்களுக்குக் காது மங்கும்போது முதலில் போவது கீச்சுக் குரல்தான். அத்தை தனியாக இருந்து இதைப் பயன்படுத்தினால் பீப் கேட்காமலே போகலாம். நேரம் முடிந்ததும் தானே அணைந்துவிடும் என்பதால் பயமில்லை, பலகாரம் ஆறிப்போகும், அவ்வளவுதான்.

கேள்வி: தறி ஓடுற ஊடுங்க எங்களது. 'சைலன்ட்' மாடல்னு 3,000 ரூபாய் கூடச் சொல்றாங்க. வாங்கலாங்களா?
— சோமனூர் வாசகர்

பதில்: வேண்டாங்க. விசைத்தறிக் கூடத்தில் 90 டெசிபலுக்கு மேல் என்பது அன்றாடம். அதற்குப் பக்கத்தில் எந்த ஏர் ஃப்ரையரும் ஓடுவதே தெரியாது. அந்தப் பணத்தில் ஒரு லிட்டர் பெரிய கூடையாக வாங்குங்கள். மிச்சத்தில் தறியில் நிற்கிறவர்களுக்குக் காதடைப்பான் வாங்கிக் கொடுங்கள். கேட்காமல் சொல்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: வாங்கி ஏழெட்டு மாதம் ஆகிறது. முதலில் 'உஸ்ஸ்' என்று ஓடியது இப்போது 'கரகர' என்கிறது. வீட்டில் தையல் மிஷின் எண்ணெய் இருக்கிறது, மோட்டாரில் இரண்டு சொட்டு விடலாமா?
— திருப்பூர் வாசகி

பதில்: தயவுசெய்து விடாதீர்கள். தையல் மிஷினுக்கு அந்த எண்ணெய் சரி. இங்கே மோட்டார் தண்டு 200 டிகிரி காற்றுக்குள் இறங்குகிறது. எண்ணெய் புகையும், வழிந்து நேராகச் சாப்பாட்டில் சொட்டும்.

கரகரப்புக்குப் பல நேரம் மோட்டார் காரணமாகவே இருக்காது. பிளக்கைப் பிடுங்கி, நன்றாக ஆறவிட்டு, கூடையை வெளியே எடுத்துவிட்டு டார்ச் அடித்து மேலே பாருங்கள். காயிலுக்குப் பின்னால் கருகிய கறிவேப்பிலை, பட்டர் பேப்பர் துண்டு, அப்பளத் தூள் ஏதாவது சிக்கி ஃபேனில் உரசும். கோழி வறுப்பவர்கள் வீட்டில் ஃபேன் இறக்கையில் கொழுப்புப் படிந்து ஒரு பக்கம் கனத்துப்போகும், அதனால் ஆட்டம் கொடுக்கும். கையெட்டும் இடத்தை மட்டும் ஈரத்துணியால் துடையுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

பிறகு கூடைக்குள் இருக்கும் ஜல்லடைத் தட்டைப் பாருங்கள். அதன் ஓரத்து ரப்பர் தேய்ந்தோ கழன்றோ போயிருந்தால் தட்டு அதிர்ந்து சத்தம் போடும். அடுத்து, வைத்திருக்கும் இடம். உள்ளே காலியான பிளைவுட் அலமாரி மேலோ தகர ஸ்டாண்ட் மேலோ வைத்தால் அந்தப் பலகையே சத்தத்தைப் பெருக்கும். கிரானைட் மேடைக்கு மாற்றி, பின்பக்கச் சுவரிலிருந்து அரை அடி தள்ளி வைத்து ஓட்டிப் பாருங்கள்.

சூடேறும்போது 'டக் டக்' என்பது தகடு விரிவடையும் சத்தம், அதை விட்டுவிடலாம். இரும்பு உரசுவது போலக் கேட்டாலோ, ஓட ஓடச் சத்தம் கூடிக்கொண்டே போனாலோ நிறுத்திவிட்டு வாரன்டியில் கொடுங்கள். மோட்டார் வைண்டிங் கடை தெருவுக்குத் தெரு இருக்கிற ஊர் என்பதால் நீங்களே கழற்றத் தோன்றும். வாரன்டி முடியும்வரை அந்த ஆசையை அடக்கிவையுங்கள்.

பிளக் பாயின்டிலிருந்து 'ஜிர்ர்' என்று வந்தால் அது வேறு விஷயம், ஆபத்தானதும்கூட. 1,500 வாட் மெஷின் ஆறரை ஆம்பியர் இழுக்கும். சின்ன 6 ஆம்பியர் பாயின்டிலும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலும் போடாமல் 16 ஆம்பியர் பாயின்டில் நேராகப் போடுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கினோம். '50 டெசிபலுக்கும் குறைவு' என்று விளம்பரம். வந்ததோ டேபிள் ஃபேனை முழு வேகத்தில் வைத்தது போல இரைகிறது. கம்பெனியில் கேட்டால் "நார்மல்" என்கிறார்கள். விற்ற தளமோ மாற்றித்தான் தருவோம், பணம் தரமாட்டோம் என்கிறது.
— ஈரோடு வாசகர்

பதில்: முதலில் மாற்றுப் பொருளை வாங்கிக்கொள்ளுங்கள். அதே மாடலில் ஒன்று அமைதியாகவும் ஒன்று இரைச்சலாகவும் வருவது உண்டு. அதுவும் அப்படியே இருந்தால்தான் மேலே போக வேண்டும்.

'சத்தமாக இருக்கிறது' என்று மட்டும் சொன்னால் உங்கள் வழக்கு நிற்காது. ஏர் ஃப்ரையர் என்றால் சத்தம் இருக்கும் என்று முடித்துவிடுவார்கள். உங்கள் கையில் இருக்கும் பலம் அந்த '50-க்கும் குறைவு' என்ற வாசகம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் குறைபாடு என்பதற்கான விளக்கத்தில், விற்பவர் சொன்ன தரத்துக்குக் குறைவாக இருப்பதும் சேரும். ஆகவே விளம்பரப் பக்கத்தை இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளைக்கு அந்த வரி அங்கே இல்லாமல் போகலாம். பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு மீட்டர் தள்ளி போனை வைத்து, சவுண்ட் மீட்டர் ஆப் ஓடும்போது வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். போன் அளவு துல்லியமாக இருக்காது. ஆனால் 50 என்று சொன்ன இடத்தில் 65 காட்டினால் பேச்சுவார்த்தைக்கு அது போதும்.

அதன்பின் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். தமிழிலேயே பேசலாம். பல கம்பெனிகள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடும். வராவிட்டால் ஈரோட்டிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடலாம். விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்தில் போட சட்டம் இடம் தருகிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

இனி வாங்கப்போகிறவர்களுக்கு: கடைக்குப் போய் ஓடவிட்டுக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோயமுத்தூர் கிராஸ்கட் ரோட்டுக் கடையில், பத்து டிவி ஓடும் இடத்தில் கேட்டால் எல்லாமே அமைதியாகத்தான் தெரியும். வார நாள் காலையில், கடை திறந்தவுடன் போங்கள். டெமோ பீஸைக் கூடையோடு ஐந்து நிமிடம் 200 டிகிரியில் ஓட்டச் சொல்லுங்கள். இரண்டு கூடை மாடல் என்றால் இரண்டையும் சேர்த்து ஓட்டச் சொல்லுங்கள், அதில் ஃபேனும் இரண்டு. ஓட்டிக் காட்டமாட்டோம் என்கிற கடையில் வாங்க வேண்டியதில்லை.

கேள்வி: கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் போடலாமா? போட்டதும் 'ம்ம்ம்' என்று உறுமி இன்வெர்ட்டர் கத்துகிறது.
— பல்லடம் வாசகர்

பதில்: போடாதீர்கள். வீட்டு இன்வெர்ட்டர் பெரும்பாலும் 1,000 வாட்டைக்கூடத் தாங்காது. கத்துவது அதனால்தான்.

கேள்வி: கச்சாயம் ஏர் ஃப்ரையரில் சுடலாமுங்களா? எங்க நங்கையா பட்டர் பேப்பர் விரிச்சு மாவை ஊத்தினாங்க. உள்ளே 'படபட'ன்னு ஒரே அடி, தீஞ்ச வாசம் வேற.
— பொள்ளாச்சி வாசகி

பதில்: படபடத்தது பேப்பருங்க. காற்று அதைத் தூக்கிக் காயிலில் ஒட்டவைத்திருக்கும், அந்த வாசமும் அதுதான். பேப்பர் போட்டால் ஓரம் மேலே நீட்டாமல், மேலே கனமான பண்டம் இருக்கும்படி போட வேண்டும். வெறும் பேப்பரை வைத்துச் சூடேற்றவே கூடாது. அப்பளத்தையும் இப்படித்தான் காற்று தூக்கி அடிக்கும், மேலே கம்பித் தட்டு ஒன்றைக் கவிழ்த்தால் அடங்கும். கச்சாய மாவு ஓடுகிற மாவு. காற்றில் அது உப்பாது, தட்டையாகக் காய்ந்துபோகும். அதற்கு எண்ணெய்ச் சட்டியையே வையுங்கள்.