நாகர்கோவிலில் எங்கே சாப்பிடலாம்? கேள்விகளும் பதில்களும்

வடசேரி சந்தையிலிருந்து ஊர் ஓட்டல்களுக்கு வாழையிலையும் காய்கறியும் போட்டு வந்தவன் நான். பல கடைகளை முன்வாசலில் நின்று பார்த்ததைவிடப் பின்வாசல் வழியாகப் பார்த்ததுதான் அதிகம். நாகர்கோவிலில் வெளியே சாப்பிடுவது பற்றி நண்பர்கள் கேட்டிருந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

அண்ணாச்சி, கன்னியாகுமரி பார்த்துவிட்டு மதியம் திருவனந்தபுரம் போகிறோம். வழியில் நாகர்கோவிலில் ஒரு வேளைதான் சாப்பிட முடியும். எந்தக் கடைக்குப் போகலாம்? (மதுரையிலிருந்து ஒரு குடும்பம்)

கடை அப்புறம். முதலில் வேளையைப் பாருங்கள். நம்மூர் நடுப்பகுதி ரொம்பச் சின்னது. மணிமேடை, கோர்ட் ரோடு, மீனாட்சிபுரம், வடசேரி எல்லாம் நடந்தே சுற்றிவிடலாம். இதற்குள் இருக்கிற எந்தக் கடையும் மூன்று வேளையும் ஒரே மாதிரி நன்றாகச் செய்வதில்லை. காலையில் ஆப்பத்துக்கு ஆள் காத்து நிற்கிற கடையில் மதியச் சாப்பாடு சுமாராக இருக்கும். ராத்திரி பரோட்டாவுக்குப் பேர்போன இடத்தில் காலையில் அடுப்பே எரியாது. அந்தந்த வேளைக்கு அந்தந்தக் கடை.

மதியம் என்றால் இலைச் சாப்பாடுதான். கோர்ட், கலெக்டர் அலுவலகம், வங்கிகள் இருக்கிற பக்கமாகத் தேடுங்கள். அங்கே வேலை பார்க்கிறவர்கள் தினமும் ஒரே கடையில் கை நனைப்பார்கள். தினமும் வருகிறவருக்கு நேற்றைய கறியைச் சூடாக்கிப் போட்டால் மறுநாள் அவர் வர மாட்டார். உங்களைப் போல வழியில் இறங்குகிறவர் திரும்பி வரப்போவதில்லை என்று கடைக்காரருக்குத் தெரியும். அதனால் தினக் கூட்டம் இருக்கிற கடையில் போய் உட்காருவதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு. 12.30க்குள் உட்கார்ந்துவிடுங்கள். இரண்டு மணிக்கு மேல் அவியல் தீர்ந்துவிடும், அதன் இடத்தில் ஏதாவது ஒரு பொரியல் வரும்.

இன்னொன்று, மதுரைச் சாப்பாட்டை எதிர்பார்க்க வேண்டாம். 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். இலையில் அது இன்னும் தெரியும். பருப்பும் நெய்யும் பப்படமும் முதலில், பிறகு சாம்பார், அப்புறம் புளிசேரி (தேங்காய் அரைத்த மோர்க்குழம்பு), ரசம், மோர். தொட்டுக்கொள்ள அவியலோ, காயும் தேங்காயும் சேர்ந்த எரிசேரியோ இருக்கும். எல்லாவற்றிலும் தேங்காய், தாளிப்பதும் தேங்காய் எண்ணெயில்.

உட்காரும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இன்னைக்குத் தீயல் உண்டா?" துருவிய தேங்காயை உள்ளி (சின்ன வெங்காயம்), மல்லி, மிளகாய் வத்தலோடு மிதமான தீயில் கருஞ்சிவப்பாகும் வரை கைவிடாமல் கிளறி, எண்ணெய் கசியும் வரை அரைத்து வைப்பது அது. கொஞ்சம் முன்னே இறக்கினால் இனிப்பும் வெளுப்புமாகக் கிடக்கும். கொஞ்சம் பிந்தினால் கசந்துபோகும். அடுப்புப் பக்கத்திலேயே ஒரு ஆள் நிற்க வேண்டிய வேலை. தீயலுக்கு ஆளை நிறுத்துகிற கடையில் மற்ற கறிகளும் சரியாக இருக்கும். நான் கடையை எடை போடுவது இதை வைத்துத்தான்.

கடைப் பெயரைச் சொல்லாமல் சுற்றி வளைக்கிறீர்களே? (பார்வதிபுரம்)

நியாயமான கேள்வி. ஆனால் காரணம் இருக்கிறது. ஓட்டலின் ருசி போர்டில் இல்லை, அடுப்பில் நிற்கிறவர் கையில் இருக்கிறது. அவர் சம்பளம் கூட்டிக் கேட்டு இரண்டு தெரு தள்ளி இன்னொரு கடைக்குப் போய்விட்டால், பழைய கடையின் பெயர் அப்படியே இருக்கும், ருசி போய்விடும். மணிமேடைப் பக்கம் இப்படி நடந்ததை நேரில் பார்த்திருக்கிறேன். தினமும் கட்டுக்கட்டாக இலை வாங்கிய கடை, மாஸ்டர் போன மாதமே பாதி இலைதான் வாங்கியது. இன்று நான் பெயர் எழுதினால், அடுத்த வருஷம் அதைப் படித்துவிட்டு வருகிறவர் ஏமாறுவார். எப்படித் தேடுவது என்று தெரிந்தவர் எந்த வருஷம் வந்தாலும் நன்றாகச் சாப்பிடுவார்.

சோறு சிவப்பாகத் தடிமனாக இருக்கிறது. குழந்தைகள் சாப்பிட மாட்டேன் என்கிறார்கள். (திருச்சி)

அது சம்பா அரிசி. பல கடைகளில் வெள்ளைச் சோறும் இருக்கும், உட்காரும்போதே கேட்டால் தருவார்கள். பெரியவர்கள் மட்டும் சம்பாவிலேயே சாப்பிட்டுப் பாருங்கள். புளிசேரியும் மீன்கறியும் அந்தச் சோற்றோடுதான் சேரும்.

ஜூன் முதல் வாரம் வருகிறோம். நல்ல மீன் சாப்பாடு எங்கே கிடைக்கும்? (கோயம்புத்தூர்)

தேதி சொல்லிக் கேட்டதற்கு நன்றி, ஏனென்றால் இந்தக் கேள்விக்குப் பதிலே தேதிதான். நம் மாவட்டத்துக்கு இரண்டு பக்கமும் கடல். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை. மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கன்னியாகுமரிப் பக்கத்துச் சின்னமுட்டம் துறைமுகம் கிழக்குக் கணக்கில் வரும். குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் மேற்குக் கணக்கு. அதனால் மற்ற மாதங்களில் ஒரு பக்கம் அடைத்தாலும் இன்னொரு பக்கம் மீன் வந்துகொண்டிருக்கும். ஜூன் முதல் இரண்டு வாரம் மட்டும் இரண்டு பக்கமும் விசைப்படகு கரையில் நிற்கும். நீங்கள் வருவது சரியாக அந்த நாட்களில்.

அதற்காக மீன் கிடையாது என்று இல்லை. வள்ளமும் கட்டுமரமும் கரையோரம் போய் வரும். சாளை, நெத்திலி, அயிலை போன்ற மீன்கள் கடல் ஒத்துழைத்தால் கிடைக்கும். அந்தச் சமயத்தில் பெரிய நெய்மீன் துண்டு தட்டில் வந்தால் அது பெரும்பாலும் ஐஸில் கிடந்தது. நீங்கள் வஞ்சிரம் என்பதைத்தான் நாங்கள் நெய்மீன் என்போம். மற்ற மாதங்களில் தாராளமாக வாங்குங்கள், ஜூன் முதல் வாரம் வேண்டாம்.

கடையில் "என்ன மீன் இருக்கு?" என்று கேட்காதீர்கள், "இன்னைக்கு வந்த மீன் என்ன?" என்று கேளுங்கள். இரண்டு பெயரோ மூன்று பெயரோ சொல்லி நிறுத்தினால் நல்ல கடை. வருஷம் முழுக்கப் பத்து மீனும் அட்டையில் அச்சடித்து வைத்திருந்தால் எனக்கு நம்பிக்கை வராது. நெத்திலி வந்திருந்தால் அவியலாகச் செய்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். தேங்காயும் மாங்காயும் சேர்த்துக் கெட்டியாக வற்றவைத்தது, பொரித்ததைவிட எனக்கு அதுதான் பிடிக்கும். தேங்காய் ஒத்துக்கொள்ளாதவர்கள் தேங்காய் சேர்க்காத மீன்கறி உண்டா என்று கேட்கலாம்.

அம்மா சுத்த சைவம். அசைவமும் சமைக்கிற இடத்தில் சாப்பிட மாட்டார். (பெங்களூரிலிருந்து சொந்த ஊர் வருகிறவர்)

கவலைப்பட வேண்டாம். நாகராஜா கோவில் பக்கமும் வடசேரிப் பக்கமும் தனிச் சைவக் கடைகள் உண்டு. 'ஹைகிளாஸ் வெஜ்' என்று போர்டு இருந்தாலும் ஒருமுறை வாயால் கேட்டுவிடுங்கள். ஒரே முதலாளி பக்கத்திலேயே அசைவமும் நடத்தும்போது பாத்திரம் கழுவுகிற இடம் ஒன்றாக இருக்கலாம். அம்மாவுக்காகக் கேட்கிறேன் என்று சொன்னால் உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

காலையில் கூட்டிப் போனால் இன்னும் நல்லது. புட்டு, பயறு, பப்படம், ஒரு பழம். வெந்ததும் ஆவியோடு குழாயிலிருந்து தள்ளித் தட்டில் போடுகிற கடையாகப் பாருங்கள். காலையிலேயே மொத்தமாக அவித்து அடுக்கிவைத்த புட்டு எட்டு மணிக்கு மேல் தொண்டையில் இறங்காது.

ரசவடை ரசவடை என்கிறார்களே, அது என்ன பெரிய விஷயம்? (சென்னை)

பெரிய விஷயம்தான்! பருப்பு வடையை ரசத்தில் ஊறப்போட்டுத் தருவது. சொல்ல ஒரு வரி, செய்வது அப்படி இல்லை. வடையும் சூடு, ரசமும் சூடு, இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டிய நேரம் கொஞ்சம்தான். ஆறின வடையைப் போட்டால் உள்ளே ரசம் ஏறாது. ரொம்ப நேரம் கிடந்தால் கரண்டி பட்டதும் உடைந்து கஞ்சியாகும். சரியாக ஊறிய வடையைக் கரண்டி விளிம்பால் வெட்டினால் வெளிப்பக்கம் வழுவழுவென்று விட்டுக்கொடுக்கும். நடுவில் பருப்பு லேசாகக் கடிபடும், வெட்டிய இடத்திலிருந்து ரசம் கசியும். இரண்டு வாய் வடை, ஒரு வாய் ரசம் என்று சாப்பிடுங்கள்.

வாளியில் எத்தனை வடை மிதக்கிறது என்று எட்டிப் பாருங்கள். நாலைந்து மிதந்து, பக்கத்தில் எண்ணெய்ச் சட்டியும் எரிந்துகொண்டிருந்தால் உட்காரலாம். வாளி நிறைய இருந்தால் வெறும் வடையும் சாயாவும் போதும்.

ராத்திரி ரயிலில் வந்து இறங்குகிறோம். பத்து மணிக்கு மேல் என்ன கிடைக்கும்? (சேலம்)

நாகர்கோவில் சந்திப்பு கோட்டாறில் இருக்கிறது. அங்கேயும் வடசேரி பஸ் ஸ்டாண்டுப் பக்கமும் பரோட்டாக் கடைகளும் தட்டுக்கடைகளும் இருக்கும். கல்லின் முன்னால் நின்று பாருங்கள். வீசி அடித்த பரோட்டாவைச் சுட்டெடுத்ததும் நாலைந்தாக அடுக்கி இரண்டு கையாலும் தட்டி உடைக்கிறார்களா? அந்தச் சத்தம் கேட்கிற கடையில் சாப்பிடலாம். கூட பொரிச்ச கோழியோ பீஃபோ. எல்லாச் சமயத்தாரும் கலந்து வாழ்கிற மாவட்டம் இது, மாட்டிறைச்சி பரவலாகக் கிடைக்கும். வேண்டாதவர்கள் சால்னா எதில் செய்தது என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். டிசம்பர் 3ஐ ஒட்டிய பத்து நாளும் கோட்டாறு சவேரியார் திருவிழா. அப்போது வருகிறவர்கள் நெரிசலுக்குத் தயாராக வாருங்கள், ஆனால் சாப்பாட்டுக்குப் பஞ்சம் இருக்காது.

போனில் 4.5 நட்சத்திரம் போட்டிருக்கிறதே, அதை நம்பலாமா? (வெட்டூர்ணிமடம்)

நட்சத்திரத்தை விட்டுவிட்டுப் படங்களைப் பாருங்கள், அதிலும் கடைசி இரண்டு மாதத்துப் படங்களை. எல்லாரும் ஒரே பதார்த்தத்தைப் படம் எடுத்திருந்தால் அந்தக் கடையில் அதைத்தான் சாப்பிட வேண்டும். விளக்கு, நாற்காலி, சுவர் ஓவியம் மட்டுமே படமாக இருந்தால் பிறந்தநாளுக்குப் போகலாம், பசிக்குப் போக வேண்டாம். இலையின் படம் கிடைத்தால் அதையும் கவனியுங்கள். ஓரம் வாடிச் சுருண்ட இலை என்றால் நேற்று வாங்கியது. இலையில் மிச்சம் பிடிக்கிற கடை கறியிலும் பிடிக்கும்.

பன்னிரண்டு பேர், அப்பாவின் அறுபதாவது பிறந்தநாள், ஞாயிறு மதியம். (ஆசாரிபள்ளம்)

ஞாயிறு என்றால் முந்தின நாளே போன் பண்ணிவிடுங்கள். சர்ச்சில் பூசையும் ஆராதனையும் முடிந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள், பெரிய மேசை கிடைக்காது. பிரியாணி வேண்டுமென்றால் எத்தனை பேர் என்று முன்னாலேயே சொல்லுங்கள். கடைசிப் பந்திக்கு அடிச்சட்டி வராமல் இருக்கும்.

பில்லில் 5 சதவீதம் ஜிஎஸ்டி வரும், அது சரி. 'சர்வீஸ் சார்ஜ்' என்று தனியாகப் போட்டிருந்தால் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டது, டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. பரிமாறினவர் கையில் நீங்களாக ஏதாவது கொடுங்கள். பன்னிரண்டு பேருக்கு ஓடியாடிப் போடுகிறவருக்கு அது சேர வேண்டிய பணம்.

பிள்ளைகள் மந்தி (அரபு நாட்டுக் கறிச்சோறு), ஷவர்மா என்று அடம்பிடிக்கிறார்கள். (மார்த்தாண்டம்)

மந்திக்கு எதிராகச் சொல்ல ஒன்றும் இல்லை, சூடாக வந்தால் சாப்பிடட்டும். ஷவர்மாவில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். கம்பியில் சுற்றுகிற கறியின் உள்பக்கம் வெந்திருக்காது, அவசரத்தில் ஆழமாகச் சீவினால் அது ரொட்டிக்குள் வந்துவிடும். பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை போட்டதும் இப்படிப்பட்ட பயத்தால்தான். கூட்டம் உள்ள கடையில், முன்ராத்திரியில், மயோனைஸ் இல்லாமல் வாங்கிக் கொடுங்கள். எங்கே சாப்பிட்டாலும் பில்லைப் பத்திரமாக வையுங்கள். அதில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்க வேண்டும் என்பது 2022 ஜனவரி முதல் கட்டாயம். வயிற்றுக்கு ஏதாவது ஆனால் புகார் கொடுக்க அது வேண்டும்.

மார்த்தாண்டத்தில் இருந்துகொண்டு நாகர்கோவில் கடையைத் தேட வேண்டியதே இல்லை. உங்கள் பக்கம் கிடைக்கிற மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) மீன்கறியும் இங்கே அந்தப் பதத்தில் வருவது அபூர்வம். பிள்ளைகளுக்கு ஒரு நாள் அதையும் வாங்கிக் கொடுங்கள்.

சாப்பிட்டு முடித்து ஊருக்கு என்ன வாங்கிப் போகலாம்? (அதே மதுரைக் குடும்பம்)

வடசேரியில் பழக்கடைக்குப் போங்கள். மட்டிப்பழம் ஒரு சீப்பு. விரல் அளவுதான் இருக்கும், வாசனை தூக்கும், 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த பழம். இங்கே கைக்குழந்தைக்கு முதலில் கொடுப்பதும் அதைத்தான். திருவனந்தபுரம் போய் மதுரை திரும்ப நாளாகும் என்றால் காயாகக் கேட்டு வாங்குங்கள், பழுத்தது பையில் நசுங்கிவிடும். கூடவே தேங்காய் எண்ணெயில் வறுத்த ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸும் வாங்கிக்கொள்ளுங்கள். பாக்கெட் வேண்டாம், சட்டியிலிருந்து எடுத்ததைக் கண் முன்னால் எடை போடச் சொல்லுங்கள்.