சொல்லுக்குள் வளையும் குரல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க நாட்டுப்புறப் பாணியில் வளர்ந்த கன்ட்ரி இசையின் ஆகச் சிறந்த குரல் ஜார்ஜ் ஜோன்ஸுடையது என்று எழுதியிருந்தீர்கள். மூன்று நாட்கள் விடாமல் கேட்டேன். அதே மூன்று கார்டுகள் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகள்), அதே பிரிவு, குடி, அழுகை. குடித்துவிட்டுக் கச்சேரிக்கே வராமல் போனவர் என்றும் படித்தேன். இவரிடம் அப்படி என்னதான் இருக்கிறது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மூன்று கார்டுகள் என்பது பெரும்பாலும் சரிதான். கன்ட்ரி இசை மெட்டை எளிமையாக வைத்துக்கொண்டு பாரம் முழுவதையும் பாடுகிறவர் தலையில் ஏற்றிவிடும். அதனால் மெட்டை விட்டுவிட்டு, ஒரே ஒரு சொல்லை அவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். ஜோன்ஸ் வாயை அகலத் திறப்பதில்லை. பல்லைக் கடித்தபடியே பாடுவார். சுரத்துக்குச் சற்றுக் கீழே தொடங்கி, வழுக்கி மேலேறி, ஓர் அசைக்குள்ளேயே இரண்டு மூன்று சுரங்களைத் தொட்டு இறங்குவார். கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு இது பிடிபடாமல் போகாது. பின்னணியில் ஸ்டீல் கிட்டார் ஒலிக்கிறதே, பெடலை மிதித்ததும் அதன் நாதம் வளைவதைப் போலத்தான் இவர் குரலும் வளைகிறது.

1931இல் டெக்ஸாஸில் பிறந்து, சிறுவனாக போமான்ட் நகரத் தெருக்களில் காசுக்குப் பாடியவர். தொடக்கத்தில் அன்றைய கன்ட்ரி பாடகர்களான ஹேங்க் வில்லியம்ஸையும் லெஃப்டி ஃப்ரிஸெலையும் அப்படியே நகலெடுத்தார். 'அவர்களைப் போலெல்லாம் பாடிவிட்டாய், ஜார்ஜ் ஜோன்ஸைப் போலப் பாட வருமா?' என்று தயாரிப்பாளர் பாப்பி டெய்லி கேட்டதாகச் சொல்வார்கள். 1955இல் முதல் வெற்றி, 1959இல் முதன்முறையாகக் கன்ட்ரி வெற்றிப் பாடல்களின் பட்டியலில் முதலிடம்.

அழுகை என்கிறீர்கள். 1980இல் வந்த 'ஹி ஸ்டாப்டு லவ்விங் ஹெர் டுடே' பாட்டை மறுபடி கேளுங்கள். பிரிந்து போனவளை ஒருவன் சாகும்வரை நேசிக்கிறான். படுக்கையருகே 1962ஆம் ஆண்டுக் கடிதங்கள். அவற்றில் 'உன்னை நேசிக்கிறேன்' என்று வரும் இடமெல்லாம் சிவப்பு மையால் அடிக்கோடு. இதைப் பாடும்போது ஜோன்ஸ் துளியும் விம்முவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் செய்தி சொல்வதுபோல் அடக்கி வாசிக்கிறார். துக்கம் நம்மிடம்தான் பெருகுகிறது.

குடியை நான் நியாயப்படுத்த மாட்டேன். 'வராத ஜோன்ஸ்' என்ற பட்டப்பெயரே அவருக்கு உண்டு. டிக்கெட் வாங்கிக் காத்திருந்து ஏமாந்தவர்களின் கோபம் முற்றிலும் நியாயமானது. ஆனால் அந்தக் குடி இந்தப் பாட்டோடும் பின்னிக்கிடக்கிறது. நடுவில் மெட்டே இல்லாமல் பேசும் பகுதி ஒன்று வருகிறது. அவள் கடைசியாக ஒருமுறை அவனைப் பார்க்க வரும் இடம். குடித்திருந்தாலும் தன்னால் பாட முடியும், பேசினால்தான் நாக்குக் குழறிவிடும் என்று ஜோன்ஸே எழுதியிருக்கிறார். அந்தச் சில வரிகள் ஒலிநாடாவில் ஏறுவதற்குள் அவ்வளவு பாடு. அப்போது அவருக்கு நாற்பத்தெட்டு வயது.

இன்றிரவு அந்தப் பேச்சையும், அது முடிந்ததும் அவர் பாட்டுக்குத் திரும்பும் முதல் சொல்லையும் மட்டும் கேளுங்கள். பிறகு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்