பட்டன் டப்பா

கேள்வி: பெயர் எதுவும் குறிக்காத தகவலைக் கொடுத்தால்கூட கம்ப்யூட்டர் அதைத் தானே குழு குழுவாகப் பிரித்துவிடும் என்கிறாள், கல்லூரியில் படிக்கும் என் மகள். யாரும் சொல்லித் தராமல் எப்படி?
- ஒரு வாசகி, தேனி

பதில்: பாதியை நாம்தான் சொல்லித் தருகிறோம், அம்மா. என் அப்பா தையல்காரர். பள்ளி லீவில் பட்டன் டப்பாவைப் பாயில் கொட்டி, "பிரிச்சு வைடா" என்பார். நான் நிறம் நிறமாகக் குவித்து வைப்பேன். "சட்டைப் பட்டனையும் கோட்டுப் பட்டனையும் ஒண்ணாப் போட்டு வச்சிருக்கியே!" என்று திட்டு விழும். எதைப் பார்த்துப் பிரிப்பது என்று அவர் சொல்லவே இல்லையே!

கம்ப்யூட்டருக்கும் எதைப் பார்ப்பது, எத்தனை குழு என்று நாம்தான் சொல்ல வேண்டும். ஓர் உதாரணம்: 1936-ல் ஃபிஷர் என்ற புள்ளியியல் அறிஞர் ஒரு கட்டுரையில் 150 ஐரிஸ் பூக்களின் அளவுகளைக் கொடுத்தார். செடோசா, வெர்சிகலர், வர்ஜினிகா என்று மூன்று இனம், இனத்துக்கு 50 பூ. ஒவ்வொன்றிலும் புல்லி இதழ், அல்லி இதழ் இரண்டின் நீளமும் அகலமும். இனப் பெயரை மறைத்துவிட்டு, 'மூன்றாகப் பிரி' என்று 'கே-மீன்ஸ்' முறையிடம் கொடுப்போம். அது முதலில் குத்துமதிப்பாக, குழுவுக்கு ஒன்றாக மூன்று மையங்களை வைக்கும். ஒவ்வொரு பூவும் அளவில் தனக்குப் பக்கத்து மையத்தோடு சேரும். சேர்ந்தவற்றின் சராசரிக்கு மையம் நகரும். அப்புறம் சில பூக்கள் கட்சி மாறும், மையம் மறுபடி நகரும். யாரும் மாறாதபோது நின்றுவிடும்.

கடைசியில் கிடைப்பது 50, 62, 38. அந்த 50 சுத்தமான செடோசா; அதன் அல்லி இதழ் நீளம் 2 செ.மீ.கூட இருக்காது, மற்ற இரண்டுக்கும் 3 செ.மீ.க்குக் குறையாது. அந்த இரண்டும்தான் தகராறு. வெர்சிகலரோடு 14 வர்ஜினிகா போய் உட்கார்ந்துகொள்ளும். அளவில் அவை அவ்வளவு ஒட்டிக் கிடக்கின்றன. கம்ப்யூட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை.

இன்னொன்று, நீளத்தை மில்லிமீட்டரிலும் அகலத்தை சென்டிமீட்டரிலும் கொடுத்தால் நீளம் பத்து மடங்கு சத்தம் போடும். அகலத்தின் பேச்சு எடுபடாது. இதில் கோட்டை விடுகிறவர்கள் நிறைய.

சரி, மகளிடம் மூன்றுக்குப் பதில் நான்கு என்று கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நாலாவது இனமே இல்லை. ஆனாலும் நாலாகப் பிரித்து நீட்டிவிடும். என்னைப் போல அது திட்டும் வாங்காது.