கான்ட்ராக்டர் போனை அணைத்துவிட்டார், சம்பளம் யார் தருவது?

கேள்வி: ஒரகடத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில், பேக்கிங் பிரிவில் மூன்று வருடமாகக் கான்ட்ராக்டில் இருக்கிறேன். கான்ட்ராக்டர் இரண்டு மாதச் சம்பளம் தராமல் போனை அணைத்துவிட்டார். பி.எஃப். பிடித்தார், கட்டினாரா என்று தெரியவில்லை. கம்பெனி ஹெச்.ஆரிடம் போனால், "நீங்க எங்க ஸ்டாஃபே இல்லை" என்கிறார். எங்களை நிரந்தரமாக்கச் சொல்லிக் கேட்க முடியுமா?
– வாசகி, ஸ்ரீபெரும்புதூர்

பதில்: அந்தப் பதிலைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள். நீங்கள் அவர்களுடைய ஸ்டாஃப் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும் சம்பளத்துக்கு அவர்கள் பொறுப்புதான். கான்ட்ராக்டர் கொடுக்காவிட்டால் வேலை வாங்கிய கம்பெனி கொடுக்க வேண்டும், கொடுத்ததை அவருடைய பில்லில் பிடித்துக்கொள்ளலாம் என்று 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமே சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அந்த விதி இருக்கிறது. ஆனால் முன்பு 20 ஒப்பந்தத் தொழிலாளர் இருந்தாலே போதும், இப்போது 50 பேர் வேண்டும். இது எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லாத மாற்றம், ஏனென்றால் சின்ன யூனிட்டில் வேலை செய்கிறவருக்குத்தான் கேட்க ஆள் இருக்காது. சரி, உங்கள் இடத்தில் 50 பேர் இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது: ஊதியச் சட்டத் தொகுப்பின் 43-ஆவது பிரிவு, முதலாளி (உங்களுக்கு அது கான்ட்ராக்டர்) தராத சம்பளத்துக்கு, நீங்கள் வேலை செய்யும் நிறுவனத்தின் உரிமையாளரைப் பொறுப்பாக்குகிறது.

பி.எஃப். கணக்கை இன்றைக்கே பாருங்கள். யு.ஏ.என். எண்ணை (பி.எஃப். கணக்குக்காக உங்களுக்குத் தந்த எண்) போட்டுப் பாஸ்புக்கைத் திறந்து, சம்பளச் சீட்டோடு மாதம் மாதமாக ஒப்பிடுங்கள். சீட்டில் 12 சதவீதம் பிடித்திருப்பார்கள், பாஸ்புக்கில் அந்த மாதமே இருக்காது. இதுதான் வழக்கமாக நடப்பது. அப்படி இருந்தால் பி.எஃப். அலுவலகத்தில் புகார் கொடுங்கள், கான்ட்ராக்டர் பெயரோடு கம்பெனியின் பெயரையும் எழுதுங்கள்.

நிரந்தரம் என்பது கஷ்டமான வழக்கு, பொய் நம்பிக்கை தர மாட்டேன். ஸ்டீல் அத்தாரிட்டி என்ற பொதுத்துறை உருக்கு நிறுவனத்தின் வழக்கில் 2001-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள், ஒப்பந்த முறை தடை செய்யப்பட்டாலும் தொழிலாளி தானாகவே நிரந்தரமாகிவிட மாட்டார் என்று தீர்ப்பளித்துவிட்டார்கள். ஒப்பந்தமே வெறும் கண்துடைப்பு என்று தொழில் தீர்ப்பாயத்தில் நிரூபித்தால் கதை வேறு. ஷிஃப்ட் போட்டது யார், லீவு கொடுத்தது யார், வேலையை மேற்பார்வை பார்த்தது யார் என்றெல்லாம் அங்கே கேட்பார்கள். கம்பெனி சூப்பர்வைசர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஷிஃப்ட் பட்டியல், கேட் பாஸ், எதையும் அழித்துவிடாதீர்கள்.

முதலில் சம்பள பாக்கியைக் கேட்டு, எல்லாரும் கையெழுத்துப் போட்டு, கம்பெனிக்கு, போய்ச் சேர்ந்ததற்கான சான்றோடு, ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் அதன் நகலோடு தொழிலாளர் துறை உதவி ஆணையரிடம் போங்கள்.

கேள்வி: என் தங்கை ஒரு பெரிய பிராண்டின் ஐஸ்கிரீம் கடையில் ஒரு வருடம் வேலை செய்தாள். கடைக்காரர் ஃபிரான்சைஸ் எடுத்து நடத்துபவர். திடீரென்று நாளையிலிருந்து வராதே என்றுவிட்டார். பிராண்டின் தலைமை அலுவலகத்தில் கேட்கலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: தலைமை அலுவலகத்துக்கு எழுதலாம், ஆனால் சட்டப்படி அவர்களைப் பிடிப்பது கடினம். பெயரையும் சரக்கையும் கொடுப்பதோடு பொதுவாக அவர்கள் வேலை முடிந்தது, சம்பளம் கொடுத்து வேலை வாங்கியவர் கடைக்காரர், முதலாளியும் அவர்தான். ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரைத் தக்க காரணமில்லாமல் நிறுத்தக் கூடாது, நிறுத்தினாலும் ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ தர வேண்டும் என்கிறது 1947 தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். தவறு செய்தாள் என்று சொன்னால் விசாரணை நடத்திக் காட்ட வேண்டும். அப்புறம், வேலை செய்த நாட்களுக்கான பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் தந்தாக வேண்டும், அதையும் சேர்த்துக் கேளுங்கள்.