நஷ்டத்தில் பங்கில்லை என்று எழுதிக் கொடுத்தால் போதுமா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, அதாவது வாங்குவோரின் ஆர்டர்களைக் கவனிப்பவராகச் சேர்ந்து, 11 ஆண்டுகளில் பொது மேலாளர் ஆகியிருக்கிறேன். இந்தக் காலத்தில் கம்பெனி ஒரு யூனிட்டிலிருந்து மூன்றாக வளர்ந்துவிட்டது. சம்பள உயர்வு கேட்டபோது முதலாளி அண்ணன், “சம்பளம் என்னப்பா சம்பளம், உன்னையப் பார்ட்னராவே போட்டுர்றேன்” என்கிறார். முதலீடு ஏதுமின்றி ஒர்க்கிங் பார்ட்னராக 5 சதவீதப் பங்கு தருவாராம். நஷ்டத்தில் எனக்குப் பங்கில்லை என்றும் பத்திரத்தில் எழுதித் தருவதாகச் சொல்கிறார். என் மனைவி பயப்படுகிறார். என் பெயர் வேண்டாமென்றால் மனைவி பெயரில் பங்கைப் போட்டுக்கொள்ளலாம், எனக்கு பி.எஃப்.பும் தொடரும் என்று கம்பெனியின் கன்சல்டன்ட் யோசனை சொல்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: போதாது. நஷ்டத்தில் உங்களுக்குப் பங்கில்லை என்று எழுதப்படும் வரி, உங்களுக்கும் மற்றக் கூட்டாளிகளுக்கும் இடையே மட்டுமே செல்லுபடியாகும். நூல் கொடுத்த மில்லையோ, துணிக்குச் சாயம் போட்டவரையோ, வங்கியையோ, வரித்துறையையோ அது கட்டுப்படுத்தாது. 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டத்தின் 25ஆம் பிரிவுப்படி, நீங்கள் கூட்டாளியாக இருக்கும் காலத்தில் நிறுவனம் செய்யும் ஒவ்வொரு செயலுக்கும் நீங்கள் தனியாகவும் பொறுப்பு, மற்றவர்களுடன் சேர்ந்தும் பொறுப்பு. லாபத்தில் 5 சதவீதம் என்பதால் கடனிலும் 5 சதவீதம்தான் என்று எண்ணிவிட வேண்டாம். நிலுவை ஒரு கோடி ரூபாயானால் அந்த ஒரு கோடியையும் உங்கள் ஒருவரிடமே கேட்கக் கடன்காரருக்கு உரிமை உண்டு; கொடுத்த பிறகு, பத்திரத்தைக் காட்டி மற்றக் கூட்டாளிகளிடம் நீங்கள் வழக்காடி வசூலித்துக்கொள்ள வேண்டியதுதான். அந்தக் கட்டத்தில் அவர்களிடம் வசூலிக்க ஏதாவது மிஞ்சியிருக்குமா என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன்.

உங்கள் முதலாளி ஏமாற்றப் பார்க்கிறார் என்று நான் சொல்லவில்லை. பவர் டேபிள் எனப்படும் தையல் மெஷினிலும் கட்டிங் மேசையிலும் வேலை பார்த்தவர்கள், கூட்டுச் சேர்ந்து முதலாளிகளான ஊர் திருப்பூர். வேலை தெரிந்தவனைப் பங்காளியாகச் சேர்த்துக்கொள்வது அங்கே மரியாதையின் அடையாளம். ஆனால் அந்த வழக்கம் வேரூன்றிய காலத்தில் ஒரு கம்பெனியின் கடன் என்பது நூல் கடையின் பாக்கியும் உறவினரின் கைமாற்றுமாக இருந்தது. இன்று திருப்பூரின் ஆண்டு ஏற்றுமதி ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய். மூன்று யூனிட் நடத்துபவர் பேக்கிங் கிரெடிட் (சரக்கை அனுப்பும் முன் வங்கி தரும் ஏற்றுமதிக் கடன்) இல்லாமல் ஒரு சீசனைத் தாண்ட முடியாது. நன்றாக நடந்த நிறுவனமும், தன் கையில் இல்லாத காரணத்தால் ஒரே பருவத்தில் சிக்கலுக்குள்ளாகும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோதும், 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோதும், கூட்டாளிகளில் யாருடைய திறமைக் குறைவும் அதற்குக் காரணமில்லை.

இன்னொன்று, பழைய கடன். புதிதாகச் சேரும் கூட்டாளி, தாம் சேர்வதற்கு முந்தைய கடன்களுக்குப் பொறுப்பல்ல என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. இதைச் சொல்லித்தான் எல்லோரும் உங்களைச் சமாதானப்படுத்துவார்கள். ஆனால் நீங்கள் சேர்ந்த சில வாரங்களில், கூட்டாண்மை மாறிவிட்டதால் ஆவணங்களைப் புதுப்பிக்க வேண்டும் என்று வங்கியிலிருந்து ஒரு கட்டுக் காகிதம் வரும். இருக்கிற கடன் முழுவதையும் ஏற்றுக்கொள்கிறேன் என்ற ஒப்புதலும், தனிப்பட்ட ஜாமீன் பத்திரமும் அந்தக் கட்டுக்குள் இருக்கும். “சும்மா ஒரு பார்மாலிட்டிதான்” என்று சொல்லப்படும் அந்தக் கையெழுத்து, சட்டம் உங்களுக்குக் கொடுத்த பாதுகாப்பை நீங்களே துறந்துவிடும் கையெழுத்தாகும். ஜாமீன்தாரரின் பொறுப்பு, கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமமானது. முதலில் கம்பெனியின் சொத்தை விற்றுவிட்டு அப்புறம் என்னிடம் வாருங்கள் என்று வங்கியிடம் வாதாட முடியாது.

இனி அந்தக் கன்சல்டன்ட். நியாயமாக வேலை செய்யும் ஆடிட்டர்களும் வழக்கறிஞர்களும் அந்தப் பகுதியில் ஏராளமாக இருக்கிறார்கள்; அவர்களை நான் சொல்லவில்லை. ஜி.எஸ்.டி. பதிவு, லோன் ஏற்பாடு, பார்ட்னர்ஷிப் பத்திரம், பி.எஃப். ரிட்டர்ன் என அனைத்தையும் ஒரே பலகையில் எழுதிவைத்துக்கொண்டு, எந்தச் சட்டத்துக்கும் பதில் சொல்லக் கடமைப்படாத இடைத்தரகர்களைச் சொல்கிறேன். முதலாளியிடம் கட்டணம் வாங்கும் அவர், உங்களுக்காகவும் சேர்த்தே யோசிக்கிறார் என்று நம்பாதீர்கள். முன்பு யாருக்கோ அடித்த பத்திரத்தில் பெயர்களை மட்டும் மாற்றிக் கொண்டுவருவார். எழுதாத முத்திரைத் தாளிலும், வெறும் லெட்டர்ஹெட்டிலும், “அவசரத்துக்கு இருக்கட்டும்” என்று காசோலையிலும் கையெழுத்துக் கேட்பார். ஒன்றிலும் போடாதீர்கள். உங்கள் பெயரில் டிஜிட்டல் கையொப்பம் வாங்கி, அந்த டோக்கனைத் தம் மேசை இழுப்பறையில் போட்டு, கடவுச்சொல்லை அதன் மேலேயே ஒட்டிவைத்திருப்பார், ஓ.டி.பி. வரும் கைப்பேசி எண்ணும் அவருடையதாகவே இருக்கும். அதன் பிறகு உங்கள் பெயரில் எது தாக்கலானாலும், அது எனக்குத் தெரியாது என்று நீங்கள்தான் நிரூபித்தாக வேண்டும். காசோலையில் கையெழுத்திடும் அதிகாரத்தைப் பெருமையாக நினைத்து வாங்கிக்கொள்பவர்களையும் பார்க்கிறேன். காசோலை திரும்பினால் இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. குற்றம் சாட்டப்படுவோர் பட்டியலில் கையெழுத்திட்டவர் பெயர் கட்டாயம் இருக்கும்.

சரி, வளர்ச்சிக்கு வழி என்ன? நீங்கள் வேண்டுவது லாபத்தில் ஒரு பங்கும் முடிவெடுக்கும் உரிமையும் என்றால், அவ்விரண்டையும் ஊழியராக இருந்துகொண்டே பெறலாம். ஊழியருக்குச் சம்பளமாக லாபத்தில் பங்கு கொடுப்பது மட்டுமே அவரைக் கூட்டாளியாக்கிவிடாது என்று அதே கூட்டாண்மைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு சொல்கிறது. எனவே அண்ணனிடம் மறுப்பாகப் பேச வேண்டாம். “அண்ணா, லாபத்துல பங்கு குடுங்க, சந்தோசமா வாங்கிக்கறனுங்க, பார்ட்னர் பேரு மட்டும் இப்ப வேண்டாமுங்க” என்று பேச்சைத் தொடங்கினால் அவர் மனம் நோகாது. ஒப்புக்கொண்டதை நியமனக் கடிதத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்: தணிக்கை முடிந்த கணக்கின்படி, வரிக்கு முந்தைய லாபத்தில் எத்தனை சதவீதம், எந்த மாதத்துக்குள் தரப்படும், ஆண்டின் நடுவில் விலகினால் எந்த விகிதத்தில் என்பவை அதில் இருக்க வேண்டும். “நல்லா பார்த்துக்கறேன்” என்பது மார்ச் மாதத்தில் கணக்கில் ஏறாது. அத்துடன், காஸ்டிங்கை (அடக்க விலைக் கணக்கை) இறுதி செய்வது, ஜாப் ஒர்க்கை (வெளியே கொடுத்துச் செய்யும் வேலையை) யாருக்குக் கொடுப்பது, யூனிட் மேலாளர்களை நியமிப்பது ஆகியவற்றில் உங்கள் சொல்லே முடிவு என்று ஓர் அதிகாரக் கடிதமும் வாங்குங்கள். முதலாளியின் மகன் படித்துவிட்டு வந்து அலுவலகத்தில் உட்காரும் நாளில் உங்களுக்கு உதவப்போவது, பெயர்ப்பலகையில் இருக்கும் பட்டத்தைவிட அந்தக் கடிதம்தான்.

ஊழியராக நீடிப்பதில் வேறொரு நன்மையும் உண்டு. வேலையை விட்ட பிறகு போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்று உங்களிடம் எழுதி வாங்கினாலும், ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி அது செல்லாது. ஆனால் விலகும் கூட்டாளி குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட எல்லைக்குள் அதே தொழிலைச் செய்யக் கூடாது என்ற நிபந்தனை நியாயமான அளவில் இருந்தால், கூட்டாண்மைச் சட்டம் அதை ஏற்றுக்கொள்கிறது. பையர்கள் (சரக்கை வாங்கும் நிறுவனங்கள்) உங்கள் மீது வைத்திருக்கும் நம்பிக்கையே உங்கள் மூலதனம் என்ற நிலையில், 5 சதவீதத்துக்காக அதைப் பூட்டிவைக்கலாமா என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். விசிட்டிங் கார்டிலும் கவனம் வேண்டும். பத்திரத்தில் கையெழுத்தே போடாமல், கூட்டாளி என்று அச்சிட்ட அட்டையை நீட்டிவந்தால்கூட, அதை நம்பிக் கடன் கொடுத்தவருக்கு நீங்கள் பொறுப்பாளியாவீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் கூட்டாளியாகத்தான் சேர்வேன் என்றால், முதலில் மூன்று ஆண்டு வரவு செலவுக் கணக்கையும் வங்கியின் கடன் அனுமதிக் கடிதத்தையும் கேட்டு வாங்கி, கம்பெனியோடு தொடர்பில்லாத ஓர் ஆடிட்டரிடம் காட்டுங்கள். ஜி.எஸ்.டி. ரிட்டர்ன்களும் பி.எஃப். தொகையும் ஒழுங்காகக் கட்டப்பட்டுள்ளனவா என்பதை அந்தந்த இணையதளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். நிறுவனத்தின் பெயரில் வழக்கு இருக்கிறதா என்று நீதிமன்ற இணையதளத்திலும் தேடலாம். கூட்டாண்மை நிறுவனங்களைப் பதிவு செய்யும் நிறுவனப் பதிவாளரிடம் நிறுவனம் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால், கூட்டாண்மை ஒப்பந்தப்படியான உரிமைக்காக மற்றக் கூட்டாளிகள் மீது உங்களால் வழக்குத் தொடுக்க முடியாது. எல்.எல்.பி. (கூட்டாளிகளின் பொறுப்புக்கு வரம்புள்ள கூட்டாண்மை) என்றால் நிலைமை வேறு. நீங்கள் பார்ட்னர்ஷிப் பத்திரம் என்று எழுதியிருப்பதால் அதற்குள் நான் போகவில்லை.

சேர்வதைவிட விலகுவது கடினம் என்பதால், ஒரு விஷயத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். விலகினால் அதுவரையிலான கடன்களுக்கு மட்டுமே பொறுப்பு என்பது பொதுவாகச் சரியே. ஆனால் மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 90ஆம் பிரிவில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. நீங்கள் விலகிய தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள், விலகிய விவரத்தை நீங்களோ நிறுவனமோ ஜி.எஸ்.டி. ஆணையருக்கு எழுத்து மூலம் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காவிட்டால், அந்தத் தகவல் ஆணையரிடம் போய்ச் சேரும் நாள் வரை நிறுவனத்தின் வரிக்கும் வட்டிக்கும் அபராதத்துக்கும் உங்கள் பொறுப்பு தொடரும். ஓர் எடுத்துக்காட்டு: மார்ச் 31 அன்று விலகுகிறீர்கள், பெயரை நீக்கிவிடுவதாகக் கன்சல்டன்ட் சொல்கிறார், அவர் மறந்துவிடுகிறார், நீங்கள் வேறு கம்பெனியில் சேர்ந்துவிடுகிறீர்கள். இரண்டு ஆண்டு கழித்துத் துறையின் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும்போது, அந்த இரண்டு ஆண்டு வரிக்கும் நீங்கள் கூட்டாளிதான். எல்லாவற்றுக்கும் ஓ.டி.பி. கேட்கும் இந்த அரசாங்கம், விலகிப் போகிற கூட்டாளி தன் பெயரைத் தானே நீக்கிக்கொள்ள ஜி.எஸ்.டி. இணையதளத்தில் ஒரு பொத்தானை வைக்கவில்லை. நிறுவனத்தின் சார்பில் கையெழுத்திடும் அதிகாரம் பெற்றவர்தான் நீக்க வேண்டும். யாரோடு பிணங்கிக்கொண்டு வெளியேறுகிறீர்களோ அவருடைய தயவை நம்பி இருங்கள் என்பதே இதன் பொருள். ஆகவே விலகும் வாரத்திலேயே உங்கள் கையெழுத்தில் ஒரு கடிதம், விலகல் பத்திரத்தின் நகலுடன், சேர்ந்ததற்கான ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்டில் ஆணையருக்குப் போக வேண்டும்; அந்த ஒப்புகையைப் பாதுகாத்து வையுங்கள். நிறுவனப் பதிவாளருக்கு அறிவிப்பு, அரசிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் விளம்பரம், வங்கியிலிருந்து ஜாமீன் விடுவிப்புக் கடிதம் ஆகியவை தனி. வங்கி அந்தக் கடிதத்தை லேசில் தராது.

பணிக்கொடையையும் (கிராஜுவிட்டி) மறந்துவிடாதீர்கள். கூட்டாளி தம் நிறுவனத்துக்கே ஊழியராக இருக்க முடியாது என்பதால், பத்திரம் எழுதும் நாளோடு உங்கள் ஊழியர் என்ற தகுதி முடிகிறது, பி.எஃப். சந்தாவும் நிற்கும். ஐந்து ஆண்டைத் தாண்டிவிட்டதால் பணிக்கொடை உங்களுக்கு உரியது. கணக்கில் வரும் மாதச் சம்பளம் 52,000 ரூபாய் என்றால், அதை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்க ஓர் ஆண்டுக்கு 30,000 ரூபாய். 11 ஆண்டுக்கு 3,30,000 ரூபாய். “இனிமே எல்லாமே நம்ம கம்பெனிதானே” என்ற பேச்சில் இந்தத் தொகை காணாமல் போய்விடும். கையெழுத்துக்கு முன்பே கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, மனைவி பெயரில் பங்கு. உங்கள் பி.எஃப். தொடரும் என்று கன்சல்டன்ட் சொன்னது உண்மைதான். ஆனால் மேலே சொன்ன பொறுப்புகள் அத்தனையும் அப்போது உங்கள் மனைவியின் தலையில் விழும். கணக்குப் புத்தகத்தையே பார்த்திராத ஒருவர், வங்கி அனுப்பும் காகிதங்களில் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். பாதுகாப்பு கருதி வீட்டையோ நிலத்தையோ அவர் பெயரில் வாங்கிவைத்திருந்தீர்களானால், அந்தச் சொத்தும் கம்பெனிக் கடனுக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். அவர் பயப்படுவது நியாயம். அந்த யோசனையை இன்றே மறுத்துவிடுங்கள்.