ஏழு வாரம், ஒன்பது வீடுகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் திருநெல்வேலியிலிருந்து எழுதுகிறேன். வயது 23. வயலின் வாசிக்கிறேன். மார்ச் கடைசியில் ஒரு பரதநாட்டியக் குழுவுடன் அமெரிக்கா போகிறேன். ஏழு வாரம், ஒன்பது ஊர். குழுவில் ஆறு பேர். ஓட்டல் கிடையாது, ஒவ்வொரு ஊரிலும் யாராவது ஒரு குடும்பத்தோடுதான் தங்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நீங்கள் ஒரு காலத்தில் கடம் வாசித்துக்கொண்டு இப்படிப் போய்வந்ததாக ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். அதனால் உங்களிடம் கேட்கிறேன்.

வாசிப்பதில் எனக்குப் பயமில்லை. அந்த வீடுகளை நினைத்தால்தான் பயம். அம்மா என்னை யார் வீட்டிலும் ராத்திரி தங்க விட்டதில்லை. "ஒரு வேளை சாப்பிட்டாலும் திருப்பிச் செய்ய முடியுமா என்று பார்த்துச் சாப்பிடு" என்பாள். முன்பின் தெரியாதவர்கள் வீட்டில் நாள்கணக்கில் ஓசியில் சாப்பிட்டு, அவர்கள் காரிலேயே போய்வருவதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. எப்படி நடந்துகொள்வது? என்ன கொண்டுபோவது?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் அம்மா சொன்னது நல்ல சொல். ஆனால் 'ஓசி' என்ற வார்த்தையை மட்டும் விமானம் ஏறுவதற்கு முன்பே விட்டுவிடுங்கள். அதோடு போனால் ஒன்பது வீட்டிலும் உங்களுக்குத் தூக்கம் வராது.

ஓட்டல் இல்லாமல் வீடு ஏன் என்று யோசித்துப் பாருங்கள். அங்கே நம் கச்சேரிகளையும் நாட்டிய நிகழ்ச்சிகளையும் நடத்துகிறவர்களில் பெரும்பாலோர் வேறு வேலை பார்ப்பவர்கள். சாயங்காலம் வீடு திரும்பிய பிறகு இந்த வேலையைத் தொடங்குவார்கள். கேட்க வருகிறவர்களும் அப்படித்தான், அதனால் சனி ஞாயிறில்தான் அரங்கு நிறையும். ஏழு வாரத்தில் உங்களுக்கு மேடை நாள் அதிகம் போனால் பதினான்கு. மீதி முப்பத்தைந்து நாளும் ஆறு பேருக்கு ஓட்டல் அறை எடுத்தால் உங்கள் கைக்குச் சன்மானம் என்று எதுவும் வராது. அந்த வீடுகள் இல்லையென்றால் இந்தப் பயணமே இல்லை. கிளீவ்லாந்தில் 1978ல் தொடங்கிய தியாகராஜ ஆராதனை இன்று ஈஸ்டரை ஒட்டிப் பல நாள் நடக்கும் பெரிய விழா. அது வளர்ந்ததில் அந்த ஊர்க் குடும்பங்களின் சமையலறைக்கும் மாடி அறைகளுக்கும் பங்கு இருக்கிறது. அதற்கும் முன்னால், 1960களில், கனெக்டிகட்டில் இருக்கும் வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்கு தி. ரங்கநாதன் மிருதங்கம் சொல்லிக்கொடுக்கப் போனார். அவரிடம் மிருதங்கம் கற்றவரும் அங்கே பேராசிரியராக இருந்தவருமான ராபர்ட் பிரவுன் தன் வீட்டிலேயே சாப்பாடும் கச்சேரியுமாக நடத்தியிருக்கிறார். நம் சங்கீதம் அந்த நாட்டில் கால் ஊன்றியதே இப்படி வீடுகள் வழியாகத்தான் என்று நான் நினைக்கிறேன். வீட்டைக் கொடுக்கிறவர் நிகழ்ச்சிக்குத் தன் பங்கைச் செய்கிறார். நீங்கள் வில்லைப் பிடித்து உங்கள் பங்கைச் செய்கிறீர்கள். இதில் ஓசி எங்கே இருக்கிறது?

அப்படியென்றால் பதிலுக்கு ஒன்றும் செய்ய வேண்டாமா என்றால், வேண்டும். அது என்ன என்று எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

1998 ஏப்ரல், ஒஹாயோவில் ஒரு சிறிய ஊர். வீட்டுக்காரரும் அவர் மனைவியும் ஏழரை மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூட பஸ்ஸில் போய்விடுவார்கள். அப்புறம் வீட்டில் நான், எங்கள் மிருதங்கக்காரர், வீட்டுக்காரரின் அப்பா, மூன்று பேர்தான். பெரியவர் தஞ்சாவூர்ப் பக்கம் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மகனோடு ஆறு மாதம் இருந்துவிட்டுப் போக வந்திருந்தார். கார் ஓட்டத் தெரியாது. நடந்து போகிற தூரத்தில் கடை இல்லை, பஸ் இல்லை. ரோட்டோரத்தில் நட்டிருந்த தபால் பெட்டி வரைக்கும் போய்த் திரும்புவதுதான் அவருடைய நடை.

நாங்கள் வரப்போவது அவருக்கு இரண்டு மாதமாகத் தெரியும். கேட்க வேண்டியதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். மானாமதுரைக் கடம் ஏன் அவ்வளவு கனம், சுருதி மாறினால் பானையையே மாற்ற வேண்டுமா, ஒரு குச்சுப்புடிக்கு வாசிப்பதும் பரதநாட்டியத்துக்கு வாசிப்பதும் எப்படி வேறுபடும், இந்த வருஷம் காவிரியில் தண்ணீர் எதுவரை வந்தது. முதல் நாள் மூன்று மணி நேரம் உட்கார்ந்து பதில் சொன்னேன், சந்தோஷமாகவே சொன்னேன். இரண்டாம் நாளும் அப்படியே போனது. மூன்றாம் நாள் காலை எனக்கு முடியவில்லை. நான்கு வாரமாகச் சரியான தூக்கம் இல்லை. தலைவலி என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டேன். தலைவலி இல்லை.

கொஞ்ச நேரத்தில் கதவுக்கு அடியில் அவர் நிழல் வந்து நின்றது. தட்டவில்லை. நின்றுவிட்டுப் போனது. மதியம் கதவைத் திறந்தபோது வெளியே ஒரு ஃபிளாஸ்கில் சுக்குக் காபி இருந்தது. பக்கத்தில் என் மேடை வேட்டியும் ஜிப்பாவும் இஸ்திரி போட்டு மடித்து வைக்கப்பட்டிருந்தன. சனிக்கிழமை நிகழ்ச்சி முடிந்ததும் அங்கிருந்தே அடுத்த ஊருக்குக் கிளம்பிவிட்டோம். ஊர் திரும்பியதும் அவருக்கு ஒரு கடிதம் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன், போடவில்லை. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த நிழல் எனக்குள் இருக்கிறது.

எஸ்., அந்த வீடுகளில் உங்களிடம் எதிர்பார்ப்பது நேரத்தை. சில வீடுகளில் அது இப்படி ஒரு பெரியவர். சில வீடுகளில் அரங்கேற்றம் முடித்துவிட்டு கல்லூரிக்குப் போனதும் நாட்டியத்தை விட்டுவிட்ட ஒரு பெண். உங்கள் வயதுதான் இருக்கும், உங்களிடம் பேச வேண்டும் என்று நினைப்பாள், தொடங்கத் தெரியாமல் நிற்பாள். நீங்களே தொடங்குங்கள். ஆனால் உடம்பு கேட்கிற ஓய்வை ஒளிக்க வேண்டாம். "மதியம் ரெண்டு மணி நேரம் தூங்கணும், நாலு மணிக்கு வந்து உட்கார்றேன்" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். சொன்னபடி நாலு மணிக்குப் போய் உட்காருங்கள். நான் செய்யாமல் விட்டது அதுதான்.

இனி எழுதப்போவதை எழுதலாமா என்று யோசித்தேன். உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன். எல்லா வீடும் ஒஹாயோ வீடு அல்ல. அதே பயணத்தில் வேறொரு ஊரில், சாப்பாட்டு மேசையில் வீட்டுக்காரர் என்னிடம் ஊர் கேட்டார். சொன்னேன். எந்தத் தெரு என்று கேட்டார். அதையும் சொன்னேன். அப்புறம் அப்பா பெயர், அப்பா என்ன செய்தார். மறுநாள் காலை ஆட்டக்காரருக்கும் பாடகிக்கும் எவர்சில்வர் தட்டு, எனக்கு மட்டும் காகிதத் தட்டு. நான் ஒன்றும் பேசவில்லை. எங்கள் பாடகி எழுந்து போய் அடுக்கிலிருந்து ஒரு காகிதத் தட்டை எடுத்து வந்து, தன் இட்லியை அதில் மாற்றிப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்று மத்தியானமே குழுத் தலைவி அமைப்பாளரிடம் பேசி எங்கள் எல்லோரையும் வேறு வீட்டுக்கு மாற்றினார். மாற்றியதில் ஒரு சண்டையும் வரவில்லை.

அதனால் சொல்கிறேன். விருந்தாளி என்பதற்காக எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. பக்கவாத்தியம் என்பதற்காகக் கடைசியில் மிஞ்சுகிற இடத்தை எடுத்துக்கொள்ள வேண்டியதும் இல்லை. அங்கே பல வீடுகளில் நிலவறையும் நல்ல அறைதான், அதில் படுக்கச் சொன்னால் அவமானமாக நினைக்காதீர்கள். நடத்துகிற விதத்தைப் பாருங்கள். சரியில்லை என்று பட்டால் அன்றைக்கே குழுத் தலைவரிடம் சொல்லுங்கள், ஊருக்கு வந்து சொல்லலாம் என்று வைத்திருக்காதீர்கள். குழுவில் இன்னொரு பெண்ணோடு சேர்த்து ஒரே வீட்டில் போடச் சொல்லி இப்போதே கேளுங்கள். உள்ளே தாழ்ப்பாள் இருக்கிற அறை கேளுங்கள். பாஸ்போர்ட் எப்போதும் உங்கள் கையில் இருக்கட்டும். அடுத்த ஊர் அமைப்பாளர் எண்ணைக் காகிதத்திலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு வழக்கங்களில் இரண்டு விஷயம் முக்கியம். முதலாவது குளியலறை. அங்கே பல வீடுகளில் தரையில் தண்ணீர் போக வழி இருக்காது. தொட்டிக்குள் நின்று குளிக்க வேண்டும், திரைச்சீலையின் கீழ்நுனி தொட்டிக்கு உள்ளே இருக்க வேண்டும். வெளியே விட்டுவிட்டால் தண்ணீர் தரையில் இறங்கிக் கீழ்வீட்டுக் கூரையில் கறையாக வரும். இரண்டாவது புகை. தாளிக்கிற நெடிக்கு எச்சரிக்கை மணி அடித்துவிடும், நீங்கள் சமைக்கிற அன்று அடுப்புக்கு மேலே உள்ள விசிறியைப் போட்டுவிட்டுச் சட்டியை வையுங்கள். சாப்பிட்ட தட்டைக் கழுவுவதும், கிளம்புகிற அன்று படுக்கை விரிப்பை உருவி மடித்து வைப்பதும் உங்களுக்கே தோன்றும்.

வயலினைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மார்ச், ஏப்ரலில் வட மாநிலங்களில் வீட்டுக்குள் வெந்நீர் குழாயோ சூடான காற்றோ ஓடிக்கொண்டே இருக்கும். காற்று ரொம்ப வறண்டுவிடும். மரம் சுருங்கும், தந்தியை முறுக்குகிற பிரடை நழுவும், பலகை ஒட்டிய இடம் விட்டுக்கொள்ளும். தரையில் சூடான காற்று வருகிற வாய்க்குப் பக்கத்தில் பெட்டியை வைக்காதீர்கள். காரின் பின்பெட்டியில் ராத்திரி விட்டுவிடாதீர்கள். பெட்டிக்குள் ஈரம் காக்கிற சின்னக் குழாய் கடைகளில் கிடைக்கிறது, ஒன்று வாங்கிப் போடுங்கள். சாதகம் பண்ணும் நேரத்தை முதல் நாளே வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லோரும் வேலைக்குப் போன பிறகு உங்களுக்கு வீடு முழுக்கக் கிடைக்கும்.

என்ன கொண்டுபோவது? கறிவேப்பிலை மட்டும் வேண்டாம். அங்கே ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களைக் கெடுக்கிற ஒரு பூச்சி அந்த இலையோடு வந்துவிடும் என்பதால் சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். பழம், விதை எதுவும் வேண்டாம். அப்பளம், வடாம் போகும். சாப்பாட்டுப் பொருள் இருக்கிறது என்று படிவத்தில் கேட்டால் ஆமாம் என்றே எழுதுங்கள். பட்டுப்புடவை, வெள்ளி என்று கடன் வாங்கிப் பரிசு வாங்காதீர்கள். உங்கள் ஊர் அல்வா சீல் வைத்த பெட்டியில் ஒன்பது, பத்தமடைப் பாயில் மேசை விரிப்பு அளவுக்கு ஒன்பது, அது போதும். பத்தமடைக் கோரை எப்படி முடைகிறார்கள் என்று போவதற்கு முன் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். கேட்பார்கள், அரைமணி நேரம் பேசலாம்.

ஒரு நல்ல ஸ்வெட்டரும் கனமான காலுறையும் எடுத்துக்கொள்ளுங்கள், மார்ச் கடைசியிலும் அங்கே பனி விழும். அப்புறம் ஒன்பது வீட்டு முகவரியையும் ஒரு நோட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஊர் வந்த முதல் வாரத்திலேயே எழுதிவிடுங்கள்.